உன் மாமியின் குரல்

மகன், ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். ஸலாத்தில் தொடங்கினால் கோபம் பாதி இறங்கிவிடும் என்று உன் வாப்பா சொல்லுவார். எனக்கு இன்னும் இறங்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் கனமூலையில், உனக்குப் பெண் தந்த மாமியின் வளவுக் காணியில் வீட்டுக்கு அத்திவாரக் கல் வைக்கப் போவதாகத் தெரிவித்திருக்கிறாய். அதையும் போனில் தட்டி அனுப்பியிருக்கிறாய். "கோல் எடுத்தா நீங்க ஓம் ஓம் எண்டுட்டு வச்சிர்றீங்க, அதான் எழுதுறன்" என்று கீழே ஒரு வரி வேறு. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதற்குப் பதிலைப் பெருவிரலால் தட்டி அனுப்ப எனக்கு மனமில்லை, அதனால் தாளில் எழுதுகிறேன். உன் மனைவி இதைச் சத்தமாக வாசிப்பாள், உன் மாமி தேங்காய் துருவிக்கொண்டே கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்கட்டும். அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு உன் மாமியின் மேல் பொறாமை. மனவருத்தம், ஆதங்கம் என்று பூசி மெழுகலாம். ஆங்கில ஆசிரியைக்கு நல்ல சொற்களுக்கா பஞ்சம்? ஆனால் வயிற்றுக்குள் எரிகிறதை எரிச்சல் என்றுதான் சொல்ல வேண்டும். உன் வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு நீ சிகரட் பழகினாய். மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே நீ ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடித்து, அழுது, திட்டி, ஓதித் தண்ணீர் தெளித்து, என்னவெல்லாம் செய்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கலியாணம் முடிந்து வந்த முதல் பெருநாளில் நீ இந்த வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, "மாமி ஒருக்காச் சொன்னாங்க உம்மா, விட்டுட்டன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன், அல்ஹம்துலில்லாஹ் என்றேன். பிள்ளை கெட்ட பழக்கத்தை விட்டதற்காக வயிறெரிந்த உம்மா இந்தத் தீபகற்பத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீ என்னிடம் படித்தவன். வகுப்பில் என்னை டீச்சர் என்றும் வீட்டில் உம்மா என்றும் கூப்பிடத் தெரிந்த கெட்டிக்காரன். ஆங்கிலத்தில் காது சம்பந்தமான ஒரு சின்னச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு பாடவேளை முழுவதையும் ஓட்டிவிடுவேன், உனக்கு ஞாபகமிருக்கும். சத்தம் தானாக வந்து காதில் விழுந்தால் ஹியர். நாமாகக் காதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் லிஸன். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த ஹியருக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்லை ஒட்டிவிட்டால் அதன் குணமே மாறிவிடும். ஃப்ரம் என்று ஒட்டினால், ஒருவர் தானே நமக்குச் சேதி அனுப்புகிறார். கடிதம் எழுதினாலும் சரிதான், காதுக்கு வேலையே இல்லாவிட்டாலும் ஆங்கிலக்காரர்களுக்கு அது கேட்டதாகத்தான் கணக்கு. ஆஃப் என்று ஒட்டினால், அவரைப் பற்றி வேறு யாரோ சொல்லி நமக்குத் தெரிய வருகிறது. அவுட் என்று ஒட்டினால், குறுக்கே பாயாமல் கடைசிவரைக்கும் கேட்பது. நேரே உரியவரிடமிருந்தே கேட்டறிந்தால் குதிரையின் வாயிலிருந்து கேட்டேன் என்பார்கள் என்று நான் கரும்பலகையில் எழுதியதும், பின்வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது: "டீச்சர், நம்மட ஊர்ல கழுததானே திரியிது. கழுதட வாயால கேட்டா சரிவராதா?" வகுப்பே உருண்டு சிரித்தது. உன்னை வெளியே நிற்க வைத்துவிட்டு, பலகையைப் பார்த்துத் திரும்பி நின்று நானும் சிரித்தேன்.

அந்தப் பாடத்தை இப்போது நான் எனக்கே படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குக் காய்ச்சல் என்பதை மரக்கறி வேன்காரர் சொல்லி அறிந்தேன். நீ வேலை செய்கிற நுரைச்சோலையில் உனக்கு வேறு பிரிவுக்கு மாற்றம் கிடைத்ததை உன்னோடு வேலை செய்கிறவரின் மனைவி, பள்ளிவாசல் கந்தூரிச் சாப்பாட்டில் வைத்துச் சொன்னாள். எனக்கு முன்பே தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். உன்னைப் பற்றிக் கேள்விப்படுகிறேன் மகன். உன்னிடமிருந்து கேட்பதில்லை. வேலை முடிந்தால் நான் இருக்கிற எத்தாளைப் பக்கம் கொஞ்சத் தூரம்தான். நீ எதிர்ப்பக்கம் திரும்பிப் பாலாவி தாண்டிக் கனமூலைக்குப் போகிறாய். அங்கே உன் கதையைக் கேட்க ஓர் ஆள் காத்திருக்கிறார்.

அதை நான் கண்ணால் பார்த்தேன். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனாயல்லவா? எல்லோரும் முன்னறையில் இருந்தோம். நீ தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிக்குள் போனாய், வரவேயில்லை. எட்டிப் பார்த்தேன். உன் மாமி துருவுபலகையில் இருக்கிறார், நீ பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு இருக்கிறாய், வேலையில் நடந்த சண்டை போலும், எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறாய். அவர் தேங்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் நீ ஒவ்வொரு பேச்சை முடிக்கும்போதும் அவருடைய தலை ஒருமுறை அசைந்தது, "ம்" என்று வாய் கூடித் திறந்தது. நீ கடைசிவரைக்கும் சொல்லி முடித்தாய். என்னிடம் நீ எந்தக் கதையைக் கடைசிவரைக்கும் சொன்னாய் என்று யோசித்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன். முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதல் வீட்டுக்கு வரும் வரைக்கும்கூட நிற்கவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பகுதிக்கு வருகிறேன். எனக்குக் காது கேட்பதில்லை மகன். ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஆட்கள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது விளங்காது. உன் வாப்பா இருக்கும்போதே தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கடைசிக் காலத்தில் பிள்ளைகளை எழுப்பி வாசிக்க விடாமல் எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன். கண்டிப்பான டீச்சர் என்று அதிபர் பாராட்டினார். சபையில் மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பேன். போனில் யார் என்ன சொன்னாலும் ஓம், ஓம், இன்ஷா அல்லாஹ். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வருடக்கணக்காகக் காலம் தள்ளலாம், யாருக்கும் சந்தேகம் வராது. நல்ல குணசாலி என்றுகூடப் பெயர் கிடைக்கும்.

ஏன் ஒளித்தீர்கள் என்று கேட்பாய். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து இங்கே ஓலைக் கொட்டிலில் இருந்த காலத்தில், முகாமுக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். அவர்கள் சொல்வதை நான் கேட்டு எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் ஒரே நேரத்தில் பத்துப்பேராகக் கத்துவதைக் கேட்டு அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிறகு பிறந்த நீயும் என் சாரித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டங்களில் நின்றிருக்கிறாய். வீடு போய், வளவு போய், எங்களிடம் பெருமைப்பட ஒன்றும் மிஞ்சாத அந்த நாட்களில் எனக்கு என் காது இருந்தது. அது போகிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல? உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சத்தம் போட்டுப் பேசத் தொடங்குவாய், ஊர் முழுக்கக் கேட்கும் என்று நினைத்தேன்.

உன் கலியாண நாளை எடுத்துக்கொள். நம்முடைய ஆட்களிடம் பெண்ணை அனுப்புகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போவான். உன் வாப்பாவும் அப்படித்தான் என் உம்மாவின் வீட்டுக்கு வந்தார். அவர் வரும்போது அவருடைய உம்மா அழுத அழுகை எனக்கு அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது. உன்னை அனுப்பும்போது எனக்கு அந்த வேடிக்கை திரும்பி வந்தது. உன் சேட்டுகளை மடித்துப் பெட்டியில் வைத்தது நான். வேனில் ஏறும்போது நீ திரும்பி என்னைப் பார்த்து என்னவோ சொன்னாய். உன் வாய் அசைந்தது. நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். நீ என் முகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு ஏறிப் போய்விட்டாய். நீ என்ன சொன்னாய் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. வழக்கம் என்று ஒன்றைச் சொல்லி என் ஒரே பிள்ளையை உன் மாமி வாரிக்கொண்டு போய்விட்டார் என்று அன்றைக்கு மனதில் முடிந்துகொண்ட முடிச்சுத்தான் பிறகு இறுகிக்கொண்டே வந்தது.

போன மாதம் உன் மாமி தனியாக இங்கே வந்தார். நீ அறியமாட்டாய். வாசல் கேற்றில் நின்று கூப்பிட்டிருக்கிறார், நான் வரவில்லை. பின்பக்கம் சுற்றி வந்திருக்கிறார். நான் முதுகைக் காட்டிக்கொண்டு மிளகாய்ப் பாத்தியில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கிட்டத்தில் வந்தும் பலமுறை கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார். தண்ணீர் இறைக்கிற மோட்டர் ஓடவில்லை, காற்றுக்கூட இல்லாத நேரம். நிழல் விழுந்ததைக் கண்டுதான் நான் நிமிர்ந்தேன். அவர் கொண்டுவந்த வட்டிலாப்பத்தைக் கையில் தந்துவிட்டு, உள்ளே வந்து, கதிரையை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாயை நன்றாகத் திறந்து, அவசரமில்லாமல் பேசினார்.

"டீச்சர், கலியாணத்துக்கு முதல் நான் போன்ல சென்னது உங்களுக்குக் கேட்டதா?"

எது என்று கேட்டேன்.

"நீங்க தனிய இரிக்கிறீங்க, எனக்கு மத்த மகளும் இரிக்கா. வழக்கத்த விடுவம், புள்ளைகள் உங்களோடயே இரிக்கட்டும் எண்டு சென்னனே. நீங்க ஓம், ஓம், எல்லாம் நம்மட வழக்கப்படியே செய்வம் எண்டுட்டீங்க."

மகன், அந்த நேரம் எனக்கு இருந்த நிலையை எப்படி எழுதுவது? அந்த அழைப்பு எனக்கு ஞாபகம் இருந்தது. முற்றத்தில் நின்று எடுத்தேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார், சாப்பாட்டு விஷயம் அல்லது மஹர் விஷயமாக இருக்கும் என்று நினைத்து, எதற்கும் பொருந்துகிற ஒரு பதிலைச் சொல்லி வைத்தேன். வழக்கப்படி என்று சொன்னால் நம் ஊரில் யார்தான் பிழை சொல்வார்கள்? இப்படியொரு பதிலைக் கண்டுபிடித்தேனே என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமையும் பட்டேன். உன்னை வாரிக்கொண்டு போனவர் என்று யாரை நினைத்து நான் வயிறெரிந்தேனோ, அவர் உன்னை என்னிடம் விட்டுவிட வந்திருக்கிறார். நான்தான் காதில் விழாமலே உன்னைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேன் என்று நினைக்காதே. "கேட்டிச்சி" என்றேன். "வழக்கத்த மாத்தப்படாது எண்டுதான் அப்படிச் சொன்னன்" என்றேன். அவருக்கு முன்னால் தோற்பதைவிட உன்னை இழப்பதே மேல் என்று ஒரு நிமிடம் எனக்குத் தோன்றியது. உன் மாமி என்னைப் பார்த்தார். "அப்ப சரி" என்றார். பிறகு எழுந்து வந்து என் வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் எனக்குக் கொஞ்சம் தேவலை என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. தனக்குக் காதில் ஏதோ இரைகிறதென்றும், சிலாபத்தில் காது பார்க்கிற இடத்துக்குப் போக வேண்டும், தனியாகப் போகப் பயமாக இருக்கிறதென்றும், துணைக்கு வர முடியுமா என்றும் கேட்டார். அவருக்கு ஒரு குறை என்றதும் எனக்கு எவ்வளவு உற்சாகம் வந்ததென்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடனே சம்மதித்தேன்.

அங்கே போனதும் அந்த அம்மணிக்கு இன்னும் பயம் பிடித்துவிட்டது. முதலில் டீச்சரைப் பாருங்கள், அதைப் பார்த்து நான் தைரியம் எடுத்துக்கொள்கிறேன் என்று அங்கிருந்த பெண்ணிடம் சிங்களத்தில் சொல்லிவிட்டார். அந்தச் சிங்களத்தைக் கண்டும் எனக்கு எரிச்சல்தான். என்னுடையது புத்தகச் சிங்களம், அவருடையது சந்தைச் சிங்களம், தண்ணீராக ஓடுகிறது. கண்ணாடி அறைக்குள் என்னை இருத்தி, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். மடியில் வைத்த கை பெரும்பாலும் மடியிலேயே கிடந்தது. வெளியே இருந்த உன் மாமி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் ஒளித்ததெல்லாம் அவருக்கு அப்போது வெளிச்சம், ஆனாலும் பார்க்காத மாதிரி இருந்தார். அவருடைய முறை வந்தபோது இரைச்சல் நின்றுவிட்டதாம். அவருடைய காது பூனைக் காது, அதில் என்ன இருக்கும்?

சில நாள் கழித்து மறுபடி போய், காது கேட்க வைக்கிற அந்தச் சாமானை வலக்காதில் பொருத்தினார்கள். அவரும் வந்தார். முதலில் காற்றாடியின் சத்தம், யாரோ செருப்பை இழுத்து நடக்கிற சத்தம். பிறகு பக்கத்திலிருந்து ஒரு குரல்: "டீச்சர், கேக்குதா?" கரகரத்த, கொஞ்சம் தாழ்ந்த குரல். அவசரமே இல்லாத குரல். இத்தனை காலம் அவரோடு பழகியும் அந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். நீ ஏன் அந்தக் குசினித் தரையில் போய் உட்காருகிறாய் என்பது எனக்கு விளங்கியது. விளங்கியதும் பொறாமை குறையவில்லை மகன், கூடிவிட்டது. அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நீ இருந்திருக்க வேண்டும். எனக்குத் திரும்பக் கேட்ட முதல் குரல் உன்னுடையதாக இருந்திருக்க வேண்டும். அதையும் அவர் எடுத்துக்கொண்டார். நானே கொடுத்தேன் என்றும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும்.

பஸ்ஸில் வரும்போது, மகனுக்குச் சொல்லப் போகிறீர்களா என்று அவரிடம் கேட்டேன். "அது உங்கட கத டீச்சர். நீங்கதான் செல்லணும்" என்றார். அதற்குப் பிறகு நீ போனில் எழுதியதைப் பார்த்தால் அவர் வாயைத் திறக்கவில்லை என்பது தெரிகிறது. காதும் காதும் வைத்தாற்போல் ஒரு விஷயத்தைச் செய்து முடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. நல்லவர் ஒருவர்மேல் பொறாமைப்படுவது கெட்டவர்மேல் படுவதைவிடக் கஷ்டம். கெட்டவரென்றால் திட்டியாவது ஆறலாம்.

உனக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன், என் கதையே ஓடிவிட்டது. சொல்ல இருக்கிற புத்தி ஒன்றுதான். உன் மனைவியோ, நாளைக்கு உன் பிள்ளையோ, நீ எதைச் சொன்னாலும் ஓம், ஓம் என்று தலையாட்டினால் அவர்களை நல்லவர்கள் என்று விட்டுவிட்டுப் போய்விடாதே. வேனில் ஏறும் முன் என் முகத்தைப் பார்த்தாயே, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். திருப்பி ஒருமுறை கேட்டிருக்கலாம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லத்தான் செய்கிறேன், ஆனால் அதில் என் பங்கு பெரியது.

கல் வைக்கும் காரியத்தைப் பற்றி. அதைக் கொஞ்சம் தள்ளி வை. வேண்டாம் என்று சொல்லவில்லை. கலியாணத்துக்கு முன் உன் மாமி கேட்ட கேள்வியை என்னிடம் யாருமே கேட்காத மாதிரி, நீ ஒருமுறை வந்து கேள். பிள்ளைகள் எங்கே இருப்பது, இங்கேயா அங்கேயா, என்னை அங்கே வரச் சொல்கிறாயா, எதுவாக இருந்தாலும் சரி. நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கனமூலையிலேயே வீட்டைக் கட்டு, அந்தக் குசினிக்குப் பக்கத்திலேயே கட்டு என்றும் சொல்லக்கூடும். இங்கே வா என்று அழவும் கூடும். ஆனால் வழக்கப்படி என்று மட்டும் சொல்லமாட்டேன். கேட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வா. மோட்டார் சைக்கிளை ரோட்டிலேயே நிறுத்து. உள்ளே வந்து என் முன்னால் நின்று வாயைப் பெரிதாகத் திறந்து பேசாதே, அதை உன் மாமி செய்துவிட்டார். வேனில் ஏறும்போது அன்றைக்குச் சொன்னதை மறந்திருந்தாலும் யோசித்து வை, அதையும் எனக்குச் சொல்ல வேண்டும். நான் பின்பக்கம் மிளகாய்ப் பாத்தியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பேன். நீ கேற்றில் நின்று உம்மா என்று ஒருமுறை கூப்பிடு. நான் திரும்பிப் பார்க்காமலே என்ன மகன் என்று கேட்பேன்.